அஞ்சேல் என்னும் சொல்லும் கவுல் என்னும் எழுத்தும்

வணிகத்துக்கு முதல் யாது என வினவினால் பொருள் என்பார் உளர். உழைப்பு என்பார் உளர். கடல் கடந்து வாணிகம் செய்து வாழ்ந்த நம் கரையின் முதியோரை வினவினால், அவர்கள் தரும் விடை வேறாக இருக்கும். நம்பிக்கையே முதல் என்பர் அவர். சரக்கை ஏற்றியவன் அதன் விலை கையில் வந்து சேரும் என நம்ப வேண்டும். அயல்நாட்டில் கடை திறந்தவன் நாளையும் அக்கதவு தனக்குத் திறக்கும் என நம்ப வேண்டும். அந்நம்பிக்கை தளரும் வேளையில் அரசர்களும் தலைவர்களும் நேரில் வந்து 'அஞ்சேல்' என்று கூறுவது வரலாறு நெடுகிலும் நாம் காணும் காட்சி.

அவ்வாறு கூறப்படும் சொல் எவ்வளவு தொலைவு செல்லும்? யாரைச் சென்று சேரும்? யாரை விட்டுவிடும்? முத்துக்குளித்துறையில் வாழும் நாம் இவ்வினாக்களைக் கேட்கக் கடமைப்பட்டவர்கள். நம் கரையிலிருந்து கொழும்புக்கும் இரங்கூனுக்கும் ஹாங்காங்குக்கும் சென்று வாழ்ந்த குடும்பங்கள், தலைவர்களின் சொல்லை நம்பிப் பிழைத்தும் இருக்கின்றன. நம்பி இழந்தும் இருக்கின்றன.

கரை கண்ட உறுதிமொழிகள்

வணிகனுக்கு அரசு உறுதி கூறுதல் ஐரோப்பியர் கற்பித்த வழக்கமன்று. காகதிய மன்னன் கணபதிதேவன் 1244ஆம் ஆண்டளவில் மோட்டுப்பள்ளித் துறைமுகத்தில் ஓர் அபய சாசனம் பொறித்தான். புயலில் சிக்கித் திசை மாறிக் கரை ஒதுங்கிய மரக்கலங்களின் சரக்கு முழுவதையும் முன்னைய அரசர்கள் பறித்துக்கொண்டனர். தான் அவ்வாறு செய்யப்போவதில்லை என்றும், விதிக்கப்பட்ட சுங்கத்தைத் தவிர வேறெதையும் கொள்ளப்போவதில்லை என்றும் அம்மன்னன் கல்லில் எழுதிவைத்தான். உயிரைப் பணயம் வைத்துக் கடலேறி வருபவனுக்குச் செய்யும் அறம் அது என அவன் கருதினான்.

நம் காயல் துறையைப் பற்றியும் இத்தகைய செய்தி உண்டு. பாண்டியர் காலத்தில் ஹோர்முஸ், கீஷ், ஏடன் முதலிய இடங்களிலிருந்து குதிரைகள் ஏற்றிய கலங்கள் காயலுக்கு வந்ததை மார்க்கோ போலோ குறித்துள்ளார். பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் ஒரு படி மேலே சென்று அவ்வணிகத்தின் உடன்படிக்கையையே விளக்குகிறார். கீஷ் தீவின் தலைவர் மலிக்குல் இஸ்லாம் ஜமாலுத்தீன் ஆண்டுதோறும் 1,400 குதிரைகளை அனுப்ப வேண்டும். குதிரை ஒன்றுக்கு விலை 220 பொற்காசுகள். வழியில் இறந்துபோன குதிரைக்கும் விலை பாண்டியரின் கருவூலத்திலிருந்தே தரப்படும். இழப்பு நேருமாயின் அதை ஏற்பவர் யார் என்பதை முன்னரே தெளிவாக்கிய உறுதிமொழி இது. அதனாலன்றோ கடலின் அக்கரையிலிருந்து அத்தனை கலங்கள் அச்சமின்றி இக்கரை நோக்கி வந்தன.

முத்துச்சலாபத்திலும் இம்முறையைக் காண்கிறோம். சலாபம் திறப்பதற்கு முன்னர் அதிகாரிகள் முத்துப்பார்களை ஆய்வர். மாதிரிக்காகச் சிப்பிகளை எடுப்பித்து, அவற்றில் கிடைத்த முத்துக்களை வல்லுநரைக் கொண்டு மதிப்பிடுவர். அம்மதிப்பை விளம்பரப்படுத்தி வணிகரை அழைப்பர். வெறும் புகழுரையை நம்பி எந்த மரைக்காயரும் எந்தச் செட்டியாரும் பணமுடிப்புடன் சலாபத்துறைக்கு வந்ததில்லை. கண்ணால் கண்ட மாதிரிச் சிப்பியே அவர்களைக் கொணர்ந்தது. நம் கரையினர் திரளாகச் சென்று குளித்த இலங்கைச் சலாபங்களில், எடுத்த சிப்பியில் மூன்றில் ஒரு பங்கு குளிப்பவர்க்கும் படகினர்க்கும் உரியது என்பதும் கரையில் எல்லோரும் காணப் பங்கிட்டே நிலைநாட்டப்பட்டது. வணிகனுக்கு ஓர் உறுதி. மூச்சடக்கி மூழ்கியவனுக்கும் ஓர் உறுதி.

இங்கே ஒரு சொல்லை நினைவுகூர்வது பொருந்தும். கவுல் என்பது அச்சொல். அரபு மொழியில் அதற்குச் 'சொல்', 'கூற்று' என்பன பொருள். நம் நாட்டு வழக்கில் அது எழுதிக் கையொப்பமிட்டுத் தரப்படும் உறுதிச் சீட்டைக் குறிப்பதாயிற்று. கும்பெனியார் காலத்தில் வணிகரும் நெசவாளரும் நிலக்குத்தகையினரும் கவுல் பெற்ற பின்னரே குடியேறினர். வாய்ச்சொல்லைக் குறித்த ஒரு பெயர், கடலைக் கடந்து வந்து, கையெழுத்திட்ட ஆவணத்தின் பெயராயிற்று. கொடுக்கல் வாங்கலை எழுதிவைத்துக்கொள்ளும்படி திருமறை பணித்திருப்பதை அறிந்த நம் முன்னோர்க்கு இம்மாற்றம் வியப்பை அளித்திராது.

ஹாங்காங்கில் நம்மவர்

இவ்வளவு கூறியதன் நோக்கம், அண்மைக்கால வரலாற்றில் மிக விரிவாக ஆயத்தம் செய்யப்பட்ட ஓர் 'அஞ்சேல்' பயணத்தை நம் கண்கொண்டு நோக்குவதே. 1982 செப்டம்பரில் பிரித்தானியப் பிரதமர் மார்கரெட் தாட்சர் பெய்ஜிங்குக்கும் ஹாங்காங்குக்கும் மேற்கொண்ட பயணம் அது.

எங்கோ உள்ள ஹாங்காங்குக்கும் தூத்துக்குடி மாவட்டத்துக்கும் என்ன தொடர்பு என மாணவர் சிலர் வினவக்கூடும். காயல்பட்டினத்தில் எந்தத் தெருவில் நின்று கேட்டாலும் விடை கிடைக்கும். காயல்பட்டினம், கீழக்கரை முதலிய ஊர்களின் தமிழ் முஸ்லிம்கள் அங்கே இரத்தினக்கல் வணிகத்திலும் பிற தொழில்களிலும் ஈடுபட்டுப் பல தலைமுறையாக வாழ்கின்றனர். கவுலூன் நாத்தான் சாலைப் பள்ளிவாசலில் வெள்ளிக்கிழமை தோறும் தமிழ் ஒலிப்பதைக் கேட்டு வந்தோர் நம்மிடையே பலர். இந்தியரின் தொடர்போ இன்னும் பழமையானது. 1841இல் அத்தீவில் பிரித்தானியக் கொடி ஏற்றப்பட்டபோதே இந்தியப் படைவீரர் அங்கிருந்தனர். ஹாங்காங் பல்கலைக்கழகம் எழப் பெருங்கொடை அளித்தவர் பார்சி வணிகரான ஹோர்மஸ்ஜி மோடி. ஆகவே அந்நகரின் எதிர்காலம் பேசப்பட்டபோது, நம்மவரின் எதிர்காலமும் உடன் பேசப்பட்டிருக்க வேண்டும்.

ஹாங்காங் தீவு 1842இலும் கவுலூன் முனை 1860இலும் பிரித்தானியருக்கு நிலையாகத் தரப்பட்டவை. ஆயினும் நிலப்பரப்பில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேலான 'புதிய நிலப்பகுதி' 1898இல் 99 ஆண்டுக் குத்தகையாகவே பெறப்பட்டது. அக்குத்தகை 1997 ஜூன் 30உடன் முடிய வேண்டியது. எழுபதுகளின் இறுதியில் இந்நாள் வணிகரின் கணக்கேட்டில் நுழைந்தது. பதினைந்து ஆண்டுத் தவணையில் வீட்டுக்கடன் வழங்கும் வங்கி, 1982க்குப் பின் எந்த நிலத்தை ஈடாக நம்பிக் கடன் தரும்? எல்லைக்கோடு வரைந்தவர்கள் மறந்துவிட்ட ஒரு தேதி, கடன் கொடுப்பவனின் தூக்கத்தைக் கெடுத்தது.

பாதி சொல்லப்பட்ட செய்தி

1979 மார்ச்சு மாத இறுதியில் ஆளுநர் முர்ரே மெக்லேஹோஸ் பெய்ஜிங் சென்றார். டெங் சியாவோபிங் அவரிடம் இரு செய்திகளைக் கூறினார். ஹாங்காங் சீனத்தின் பகுதி என்பதில் ஐயமில்லை என்பது ஒன்று. முதலீட்டாளர்கள் மனக்கவலையின்றி இருக்கலாம் என்பது மற்றொன்று. திரும்பிவந்த ஆளுநர் இரண்டாவதை மட்டும் ஊரறியக் கூறினார். முதலாவது மறைவாகவே இருந்தது. கேட்டவர்கள் மகிழ்ந்தனர். நிலவிலையும் பங்குவிலையும் ஏறின.

இங்குத்தான் நம் முதல் குறை எழுகிறது. பாதியைச் சொல்லிப் பாதியை மறைக்கும் உறுதி, நோயாளியிடம் நோயின் பெயரை மறைத்துக் காய்ச்சல் தணிந்தது என்று மட்டும் சொல்லும் மருத்துவம் போன்றது. அந்த இரண்டு மூன்று ஆண்டுகளில் உயர்ந்த விலைக்கு வீடும் கடையும் வாங்கிய சிறு வணிகன், முழுச் செய்தியையும் அறிந்திருந்தால் அவ்வாறு வாங்கியிருப்பானா என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

1982: ஒரு பயணமும் அதன் முன்னேற்பாடும்

1982ஆம் ஆண்டின் பயணத்துக்குச் செய்யப்பட்ட ஆயத்தம் சிறிதன்று. ஏப்ரலில் முன்னாள் பிரதமர் எட்வர்ட் ஹீத் டெங்கைச் சந்தித்துச் சீனத்தின் உட்கருத்தை அறிந்துவந்தார். மே மாதத்தில் சீனமொழி வல்லவரான எட்வர்ட் யூட் ஆளுநராகப் பொறுப்பேற்றார். பெய்ஜிங்கில் தூதர் பெர்சி கிரேடாக் சீனத் தலைமையின் மனப்போக்கை இலண்டனுக்கு விளக்கினார். செப்டம்பரில் ஹாங்காங் நிர்வாகக் குழுவின் அலுவல்சாரா உறுப்பினர்கள் சுங் சே-யுவென் தலைமையில் இலண்டன் சென்று பிரதமரிடம் நகரத்தின் அச்சத்தை எடுத்துரைத்தனர். என்ன பேசுவது, எதைப் பேசாது விடுவது, எந்தச் சொல் பங்குச் சந்தையை உயர்த்தும், எது வீழ்த்தும் என்பதெல்லாம் எடைபோடப்பட்டன. அவ்வாண்டு ஜூனில் ஃபாக்லாந்துப் போரை வென்ற செருக்கும் பிரதமருடன் பயணம் செய்தது.

செப்டம்பர் 24ஆம் நாள் டெங்குடன் நிகழ்ந்த சந்திப்பில், இறையாண்மை பேரம் பேசும் பொருளன்று என்பது ஐயத்துக்கிடமின்றிக் கூறப்பட்டது. ஓரிரு ஆண்டுகளில் உடன்பாடு காணப்படாவிடில் சீனம் தன் முடிவைத் தானே அறிவிக்கும் என்றும் உரைக்கப்பட்டது. வெளியிடப்பட்ட கூட்டறிக்கையோ சுருக்கமானது. ஹாங்காங்கின் நிலைபேற்றையும் வளத்தையும் காக்கும் பொது நோக்குடன் பேச்சு தொடரும் என்பதே அதன் சாரம். 'நிலைபேறு, வளம்' என்னும் அவ்விரு சொற்களும் வணிக மன்றங்களை நோக்கி ஆய்ந்தெடுக்கப்பட்டவை. அந்நகரில் வாழும் மனிதர் எந்நாட்டுக் குடிமக்களாக இருப்பர் என்பது பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை.

செப்டம்பர் 26ஆம் நாள் பிரதமர் ஹாங்காங் வந்தார். பழைய உடன்படிக்கைகள் செல்லுபடியாகும் என்றும், ஓர் உடன்படிக்கையை மதியாத நாடு மற்றோர் உடன்படிக்கையையும் மதியாது என்றும் அவர் வெளிப்படையாகக் கூறினார். ஆற்றுப்படுத்த வந்த நாவே அச்சத்தை விளைத்தது. சீனம் சினந்தது, சந்தை சரிந்தது. கோடையில் 1,300 அளவில் இருந்த ஹாங்செங் பங்குக் குறியீடு ஆண்டிறுதிக்குள் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது.

சொல் சரிந்தது, எழுத்து நின்றது

அடுத்த ஆண்டு நிலைமை இன்னும் இழிந்தது. 1983 செப்டம்பர் 24ஆம் நாள் ஓர் அமெரிக்க டாலருக்கு 9.60 ஹாங்காங் டாலர் என்னும் அளவுக்கு நாணயம் வீழ்ந்தது. மக்கள் அரிசிக்கும் அன்றாடப் பொருளுக்கும் கடைகளில் முண்டியடித்தனர். அவ்வேளையில் எந்தத் தலைவரின் சொற்பொழிவும் துணைபுரியவில்லை. அக்டோபர் 17ஆம் நாள் முதல் ஓர் அமெரிக்க டாலருக்கு 7.80 ஹாங்காங் டாலர் எனக் கட்டப்பட்ட விதியே நாணயத்தைக் காத்தது. யாரும் சரிபார்க்கத்தக்க ஓர் எண், எழுத்தில் வந்த ஒரு விதி: கடைக்காரன் கேட்டது அவ்வளவே.

1984 டிசம்பர் 19ஆம் நாள் தாட்சரும் சீனப் பிரதமர் சாவோ ஸியாங்கும் பெய்ஜிங்கில் கூட்டறிவிப்பில் ஒப்பமிட்டனர். 1997க்குப் பின் 50 ஆண்டுகளுக்கு அந்நகரின் பொருளியல் முறையும் வாழ்க்கை முறையும் மாறா என்பது எழுத்தாயிற்று. அதன்பின் சந்தை தேறியது. ஆனால் பெருமுதலாளிகள் அதற்கும் காத்திருக்கவில்லை. 1984 மார்ச்சிலேயே, அந்நகரின் பழம்பெரும் வணிக நிறுவனமான ஜார்டின் மாதெசன் தன் சட்டவழி இருப்பிடத்தைப் பெர்முடாவுக்கு மாற்றிக்கொள்வதாக அறிவித்திருந்தது. பெரியவனுக்கு உறுதி பொய்த்தால் வேறு கரை உண்டு. ஒரு மேசையும் ஒரு தராசும் ஒரு இரும்புப் பெட்டியும் வைத்துக் கல் வணிகம் செய்பவனுக்கு எந்தக் கரை?

எண்ணப்படாதவர்

அவ்வறிவிப்பு வெளிவந்த அன்றே பிரித்தானியா குடியுரிமை பற்றியும் ஒரு குறிப்பை அளித்தது. ஹாங்காங் வழியாகப் பெற்ற பிரித்தானியச் சார்புநாட்டுக் குடியுரிமை 1997 ஜூலை 1 முதல் இல்லாது போகும். அதற்கு ஈடாகத் தரப்படுவதில் பிரித்தானியாவில் குடியிருக்கும் உரிமை இராது என்பது அக்குறிப்பின் பொருள். சீன மரபினர்க்குச் சீனக் குடியுரிமை இருந்தது. அங்கே பிறந்து வளர்ந்து, பிரித்தானியக் கடவுச்சீட்டு ஒன்றையே உடையவராய் இருந்த இந்திய மரபினர்க்கு அதுவும் இல்லை. இந்தியாவின் சட்டமோ இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. அயல்நாட்டுக் குடியுரிமையை விரும்பி ஏற்றவர் இந்தியக் குடியுரிமையை இழந்துவிடுவர். மூன்று நாடுகள் ஒன்றையொன்று நோக்கிக் கைகாட்ட, நடுவில் நின்றனர் அம்மக்கள். அந்நகரின் செல்வத்தைப் பெருக்கியதில் அவர்தம் பங்கை யாரும் மறுத்திலர். கணக்கெடுக்கும் நேரத்தில் மட்டும் அவர்களை மறந்தனர்.

1990ஆம் ஆண்டுச் சட்டம் 50,000 குடும்பத் தலைவர்களுக்கும் அவர்தம் குடும்பத்தார்க்கும் பிரித்தானியக் குடியுரிமை வழங்க வழி செய்தது. படிப்பு, பதவி, தொழில் முதலியவற்றுக்கு மதிப்பெண் இட்டுத் தேர்ந்தெடுக்கும் முறை அது. நாடற்றவராகப் போகும் நிலை மதிப்பெண்ணுக்குரிய தகுதியாகக் கருதப்படவில்லை.

1996 மார்ச்சில் மற்றொரு பிரதமர் ஜான் மேஜர் ஹாங்காங் வந்தார். சிறுபான்மையினர் எப்போதேனும் வெளியேறும் நெருக்கடிக்கு ஆளானால் பிரித்தானியா அவர்களை ஏற்கும் என உறுதி கூறினார். நல்ல சொல்தான். ஆனால் நெருக்கடி வந்ததா இல்லையா என்று தீர்மானிப்பவர் யார்? அப்போது ஆட்சியில் இருக்கும் அமைச்சர். அவர் மனம் மாறினால் எந்த நீதிமன்றத்தில் முறையிடுவது? இக்கேள்விகளைக் கேட்டு அச்சமூகத்தினர் ஓயவில்லை. விண்ணப்பம் எழுதினர், இலண்டன் மேலவையில் தமக்காகப் பேசுவோரைத் தேடிக்கொண்டனர், செய்தித்தாள்களில் வாதிட்டனர். வில்லோபி டி புரோக் பிரபு அவர்களுக்காகத் தனிமசோதா கொணர்ந்தார். 1997 பிப்ரவரியில் அரசு இசைந்தது. மார்ச்சு 19ஆம் நாள் சட்டம் நிறைவேறியது. வேறு எந்நாட்டுக் குடியுரிமையும் இல்லாத ஹாங்காங் சிறுபான்மையினர் பிரித்தானியக் குடிமக்களாகப் பதிவு பெறும் உரிமையைச் சட்டத்தின் வழியே அடைந்தனர். நகரம் கைமாறுவதற்கு நான்கு மாதமும் மீதமில்லாத நேரம் அது.

கூட்டறிவிப்பிலிருந்து பன்னிரண்டு ஆண்டுகள்! 1982இன் பயணத்துக்கு ஆயத்தம் செய்த மேசையில் இவர்களுக்கும் ஓர் இருக்கை இடப்பட்டிருந்தால் இத்தனை ஆண்டுக் கலக்கம் நேர்ந்திருக்குமா என நாம் கேட்கிறோம்.

நம் கரையின் பிற பட்டறிவு

ஹாங்காங்கில் காலம் கடந்தேனும் கவுல் கிடைத்தது. பர்மாவில் அதுவும் கிடைக்கவில்லை. 1964 மார்ச்சில் கடைகள் நாட்டுடைமையாக்கப்பட்டன. மே மாதத்தில் 50, 100 கியாத் தாள்கள் செல்லாதனவாக்கப்பட்டன. தலைமுறை தலைமுறையாகச் சேர்த்ததை விட்டுவிட்டுக் கப்பலேறிய குடும்பங்களின் கதையை நம் ஊர்ப் பெரியோர் அறிவர். அதே ஆண்டு அக்டோபர் 30ஆம் நாள் இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 இந்திய வம்சாவளியினரைப் பற்றியது. 5,25,000 பேர் இங்கே, 3,00,000 பேர் அங்கே, எஞ்சிய 1,50,000 பேர் பின்னர் முடிவு செய்யப்படுவர் என அவ்வொப்பந்தம் வகுத்தது. எழுத்தில் இருந்தது, ஆயினும் எழுதும் முன்னர் அம்மக்களின் கருத்து கேட்கப்படவில்லை. எனவே எழுத்து மட்டும் போதாது, அதில் தம் வாழ்வு எழுதப்படுவோரின் குரலும் இடம்பெற வேண்டும் என்பதையும் நாம் சேர்த்துக் கற்கிறோம்.

மறுப்பும் விடையும்

இதற்கு மறுப்பு எழக்கூடும். அயலுறவு என்பது நுண்ணிய கலை. எல்லாவற்றையும் எல்லோருக்கும் சொன்னால் பேச்சு முறியும். முதலீடு நிலைத்தால் அதன் பயன் கடைநிலை வரை வடியும். ஆகவே முதலில் பெருவணிகரின் அச்சத்தைத் தீர்ப்பதே முறை என்பர். இதில் உண்மையும் உண்டு. சந்தை முற்றிலும் சரிந்தால் முதலில் பசிப்பவன் கூலியாள்தான். பேச்சின் நடுவே சில செய்திகளை மறைத்துவைக்க நேரும் என்பதையும் நாம் மறுக்கவில்லை.

ஆனால் மறைத்தல் வேறு, மறத்தல் வேறு. மெக்லேஹோஸ் ஒரு செய்தியை மறைத்தார். அதற்கேனும் அரசியல் காரணம் கூறலாம். நாடற்றவராகவிருந்த சில ஆயிரம் பேரை அறிக்கையிலிருந்து விட்டதற்கு எந்த இராஜதந்திரம் காரணம்? அவர்கள் சிறுதொகையினர், அவர்கள் அஞ்சினால் பங்குக் குறியீடு அசையாது, அதுவே காரணம். 2021 ஜனவரியில், ஹாங்காங்கின் கடல்கடந்த பிரித்தானியக் குடியினர்க்குத் தனி விசா வழி திறந்த பிரித்தானிய அரசு, இலட்சக்கணக்கானோர்க்கு இடந்தர இயலும் என்பதைத் தானே மெய்ப்பித்தது. தொண்ணூறுகளில் சில ஆயிரம் பேருக்கு இடமில்லை எனத் தயங்கியது பொருந்தாது என்பது இப்போது வெளிப்படை.

நாம் செய்யத்தக்கன

பிறரைக் குறைகூறி அமைவது அறிஞர்க்கு அழகன்று. நம் கடமையையும் நாம் எண்ண வேண்டும். தூத்துக்குடி இன்றும் தலைவர்கள் வந்து வணிகரை வரவேற்கும் ஊர். பெருந்துறைமுகமாக 1974இல் அறிவிக்கப்பட்ட நம் துறைமுகத்தின் விரிவாக்கத்துக்கும், புதிய தொழிற்சாலைகளுக்கும் அடிக்கல் நாட்டு விழாக்கள் நிகழ்கின்றன. அவை வேண்டும், நம் இளைஞர்க்கு வேலை வேண்டும். அவ்விழாக்களில் முதலீட்டாளர்க்கு நிலம், நீர், மின்சாரம் ஆகியவை எழுத்தில் உறுதியளிக்கப்படுகின்றன. வலை வீசும் பரதவருக்கும், உப்பளத்தில் வெயிலில் நிற்கும் பெண்ணுக்கும், சங்கு குளிப்பவருக்கும் தரப்படும் உறுதி எழுத்தில் உள்ளதா, மேடைப் பேச்சில் மட்டும் உள்ளதா என்று கேட்பது வளர்ச்சிக்குப் பகையாகாது. மூன்றில் ஒரு பங்கைக் கரையில் எல்லோரும் காணப் பிரித்துத் தந்த சலாபத்தின் மரபை உடைய நாம், அவ்வினாவைக் கூச்சமின்றிக் கேட்கலாம். முத்துப்பார்களில் 1961க்குப் பின் சலாபம் இல்லை. அதன் நெறி மறைய வேண்டியதில்லை.

பெரியோர்க்கு ஒரு வேண்டுகோள். ஹாங்காங்கிலும் கொழும்பிலும் இரங்கூனிலும் வாழ்ந்த குடும்பங்களின் பழைய கடவுச்சீட்டுகள், கணக்கேடுகள், அரபுத்தமிழில் எழுதிய மடல்கள், அரசுக்கு விடுத்த விண்ணப்பப் படிகள் ஆகியன பரண்களில் கிடந்து செல்லரிக்கின்றன. அவற்றை எடுத்துத் தாருங்கள். தமிழ்த்துறை மாணவர்கள் அவற்றைப் படியெடுத்து, தேதியிட்டு, தொகுத்து வைக்கட்டும். பன்னிரண்டு ஆண்டுப் போராட்டம் எவ்வாறு நடந்தது என்பதை இலண்டன் ஆவணக் காப்பகம் இலண்டனின் பார்வையில் சொல்லும். நம்மவரின் பார்வையைச் சொல்ல இந்தத் தாள்கள்தாம் உள்ளன.

ஆசிரியர்களே, கடல் கடந்து செல்லவிருக்கும் மாணவனுக்குத் தன் வேலை ஒப்பந்தத்தைப் படித்தறியும் பயிற்சியைக் கல்லூரியிலேயே தரலாம். சம்பளம், தங்கும் உரிமை, திரும்பி வரும் செலவு, கடவுச்சீட்டைத் தன்னிடமே வைத்திருக்கும் உரிமை ஆகிய நான்கையும் எழுத்தில் காணாமல் கையொப்பமிடலாகாது என்பதை ஒரு பாடவேளையில் கற்பித்துவிட முடியும்.

மாணவர்களே, 1906இல் இதே தூத்துக்குடியில் வ.உ.சிதம்பரனார் சுதேசிக் கப்பல் நிறுவனத்தைத் தொடங்கியபோது, பங்கு ஒன்று 25 ரூபாயாக 40,000 பங்குகள் வகுக்கப்பட்டன. அவற்றுள் 8,000 பங்குகளை இரண்டு இலட்ச ரூபாய்க்கு ஏற்றவர் ஹாஜி முகமது பக்கீர் சேட். பிரித்தானியக் கப்பல் நிறுவனத்தின் நல்லெண்ணத்தை நம்பியிராமல், நம் வணிகர் தமக்குத் தாமே எழுதிக்கொண்ட கவுல் அது. அந்நிறுவனத்தை அன்றைய அரசு முறித்தது உண்மை. ஆயினும் பங்குப் பத்திரம் ஏந்தி ஒன்றுபட்டு நின்றவர்களை அது சொல்லால் மயக்கிவிட முடியவில்லை.

உங்களுள் சிலர் நாளை அயலுறவுத் துறையில் அலுவலராகலாம். ஒரு தலைவரின் பயணத்துக்குக் குறிப்பெழுதும் பொறுப்பு உங்கள் மேசைக்கு வரலாம். அந்நாளில், பெருவணிகர் மன்றத்தின் கவலைகளை எழுதி முடித்த பின், தாளை மடிக்கும் முன்னர், அவ்வூரில் ஒரு மேசையும் ஒரு தராசும் வைத்துப் பிழைப்பவனுக்காகவும் ஒரு பத்தி எழுதுங்கள்.